மேம்பாலம் ஏறும்போது மட்டும் முனகும் சைக்கிள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அலுமினிய ஃபிரேம் கொண்ட கியர் சைக்கிள், வாங்கி இரண்டு ஆண்டு. சமதரையில் சத்தம் இல்லை. மேம்பாலம் ஏறும்போது, வலது காலை அழுத்தும்போதெல்லாம் காலுக்கடியிலிருந்து 'கிறீச்... கடக்' என்று ஒரு முனகல். கடையில் காட்டினீர்கள். 'பி.பி. போய்விட்டது' என்று சொல்லிப் புதிது போட்டார்கள். (பி.பி. என்றால் பாட்டம் பிராக்கெட்: பெடல்களை ஏந்தும் கைகளான கிராங்குகளைத் தாங்கி, ஃபிரேமின் அடியில் சுழலும் அச்சும் பேரிங்கும்.) நான்கு நாள் அமைதி. ஐந்தாம் நாள் பழையபடி சத்தம். இப்போது செயினையும், கிராங்குகளும் முன் பல்சக்கரமும் சேர்ந்த கிராங்க் செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா என்பது கேள்வி.

வேண்டாம். இப்போதைக்கு ஒரு நட்டு கூட வாங்காதீர்கள். சத்தத்தை வேண்டும்போது வரவழைக்கவும் வேண்டும்போது நிறுத்தவும் உங்களால் முடிகிற வரையில் எந்தப் பாகத்தின் மீதும் பழி போடக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு இல்லாததால் குற்றமற்ற பி.பி.கள் எத்தனையோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

இறுக்கமாக நிற்க வேண்டிய இரண்டு பாகங்கள் கண்ணுக்கே தெரியாத அளவு நகர்கின்றன, இடையில் கிரீஸ் காய்ந்துபோயிருக்கிறது என்றால் கிறீச் பிறந்துவிடும். பாரம் ஏறும்போது இரண்டும் பற்றிக்கொள்ளும், தாங்க முடியாத கட்டத்தில் சட்டென்று சறுக்கும், மறுபடி பற்றும். வயலின் வில் தந்தியைப் பற்றி, விட்டு, பற்றி நாதம் எழுப்புவதும் இதே வேலைதான். அங்கே வில்லுக்கு ரோசின் என்ற பிசினைத் தடவுகிறார்கள். இங்கே தூசியும் துருவும் காய்ந்த வியர்வையும் ரோசினாகிவிடுகின்றன. மேம்பாலத்தில் மட்டும் சத்தம் வருவதன் காரணமும் இதுதான். சமதரையில் நீங்கள் கொடுக்கும் அழுத்தம் அந்தப் பாகங்களைச் சறுக்கவைக்கப் போதவில்லை.

அடுத்தது, சத்தம் பிறக்கும் இடமும் கேட்கும் இடமும் ஒன்றல்ல. வீணையில் தந்தியை மீட்டுகிறோம். ஒலியைப் பெருக்குவது குடம். சைக்கிள் ஃபிரேமும் உள்ளே வெறுமையான குழாய்களால் ஆனதுதான். அதிலும் அலுமினியக் குழாய்கள் பருமனாகவும் சுவர் மெலிந்தும் இருப்பதால் ஒரு சின்ன உரசலைக்கூடப் பெரிதாக்கிக் காட்டும். சீட்டுக்கு அடியில் பிறந்த சத்தம் குழாய் வழியாக இறங்கி, பல குழாய்கள் சந்திக்கிற, பி.பி. உட்காரும் பெட்டியில் வந்து பேசும். 'காலுக்கடியிலிருந்து வருகிறது' என்று சத்தியம் செய்யாத ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. நானும் ஒருகாலத்தில் செய்தவன்தான். மூன்று வாரம் ஒரு சத்தத்தைத் துரத்தினேன். பெடலைக் கழற்றி மாட்டினேன், செயின் மாற்றினேன், பி.பி.யைப் பிரித்துக் கழுவினேன். கடைசியில் பஞ்சர் ஒட்டப் பின்சக்கரத்தைக் கழற்றினேன், மாட்டுவதற்கு முன் அச்சு உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்தேன், சத்தம் போய்விட்டது. வலது காலை அழுத்தினால் செயின் பின்சக்கரத்தின் வலது பக்கத்தை முன்னால் இழுக்கும். அப்போது காய்ந்துபோன அச்சு அலுமினியத்தின் மீது உராய்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

உங்கள் கதையில் எனக்குப் பிடித்த தடயம் அந்த நான்கு நாள் அமைதி. பி.பி. மாற்றியவர் அதற்காகக் கிராங்கைக் கழற்றி மாட்டியிருப்பார்; ஒருவேளை பெடலையும் பின்சக்கரத்தையும் கூட. கழற்றி மாட்டும்போது எந்தப் பாகமும் கொஞ்சம் துடைபடும், கொஞ்சம் இறுகும். ஆகவே பழைய பி.பி. நன்றாகவே இருந்து, அந்த வேலையின்போது தற்செயலாகச் சரியான இன்னொரு பாகம் நான்கு நாளில் மீண்டும் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் புதிய பி.பி.யைக் கிரீஸ் இல்லாமல் காய்ந்த மரையில் முறுக்கியிருக்கலாம். அப்படிப் போட்டால் பேரிங் எவ்வளவு புதிதாக இருந்தாலும் மரை முனகும்.

துப்பறியும் முன் சத்தத்துக்குப் பெயர் வையுங்கள். இந்த விஷயத்தில் தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதி பெரிது. 'கீச் கீச்' என்று குருவி போலக் கத்தினால் பெரும்பாலும் எண்ணெய் காய்ந்த செயின், அல்லது பின் பல்சக்கர அடுக்குக்குக் கீழே உள்ள சின்னப் பல்சக்கரங்கள். 'நறநற' என்றால் பேரிங்கில் மண், அல்லது உடைந்த பால்ரஸ். 'லொடலொட' என்பது மட்கார்டு, பாட்டில் கூடு, மணி போன்ற தொங்கல்கள். பாரத்தோடு தொடர்பில்லாமல் குழியில் மட்டும் வரும். 'டிங்' என்று எப்போதாவது ஒன்று கேட்டால் ஸ்போக்ஸ் கம்பிகள். கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கே தொடும் இடத்தில் துளி எண்ணெய் போதும். அடிக்கடி கேட்டால் கம்பிகள் தளர்ந்திருக்கின்றன, கோட்டம் எடுக்கக் கொடுங்கள். 'கடக்' தளர்ந்த ஒன்று இடம் மாறுவது. 'கிறீச்' இறுக்கமாக இருக்கும் ஒன்று காய்ந்துபோனது. உங்களுக்குக் கிறீச்சும் கடக்கும் சேர்ந்து வருகின்றன என்பதால் காய்ந்தும் தளர்ந்தும் இருக்கும் ஓர் இணைப்பைத் தேடுகிறோம்.

இனி சாலைக்குப் போவோம். அதற்கு முன் பைகளைக் காலி செய்யுங்கள். முதுகுப் பையும் வேண்டாம். ஒவ்வொரு மிதிக்கும் 'கிளிக்' என்று வந்த ஒரு சத்தத்துக்காகக் கிராங்கைக் கழற்றிவிட்டு, கடைசியில் அது கால்சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்து என்று கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும். காலணி நாடாவின் நுனி கிராங்கில் தட்டுவதும் இதே இனம்.

மேம்பாலத்தில் சத்தம் வரும் இடத்துக்கு வந்ததும், வாகன நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து, சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் அடியோடு நின்றால் குற்றவாளி சீட்டு, அல்லது அதைத் தாங்கும் கம்பம். உட்கார்ந்து மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் சாய்வதால் மிதிக்கும் தாளத்திலேயே சீட்டு முனகும். அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். எழுந்து நின்றால் சத்தம் கூடுகிறது என்றால் ஹேண்டில் பாரைச் சந்தேகியுங்கள். நிற்கும்போது ஹேண்டிலைப் பிடித்து இழுக்கிறோம் அல்லவா. அதை உறுதி செய்ய, உட்கார்ந்தபடி விரல் நுனிகளால் மட்டும் ஹேண்டிலைத் தொட்டுக்கொண்டு மிதித்துப் பாருங்கள். பிறகு ஒற்றைக் காலால் மிதியுங்கள், முதலில் வலது, பிறகு இடது. ஒரு காலுக்கு மட்டும் வந்தால் அந்தப் பக்கத்துப் பெடல், கிராங்க் இரண்டையும் பட்டியலின் மேலே வையுங்கள். ஆனால் என் பின்சக்கரக் கதையை மறக்காதீர்கள். அதுவும் வலது காலுக்கு மட்டுமே வந்தது.

தவணை முறையில் வரும் சத்தம் என்றால் எண்ணிப் பாருங்கள். முன் பல்சக்கரத்தில் 42 பல், பின்னால் 21 பல் என்றால் ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் இரண்டு சுற்று சுற்றும். ஒரு மிதிச் சுற்றுக்குச் சரியாக இரண்டு முறை சத்தம் வந்து, கியர் மாற்றினால் அந்தக் கணக்கும் மாறினால், அது சக்கரத்தின் சத்தம். செயினில் 112 கண்ணிகள் இருந்தால் அது முழுதாக ஒரு சுற்று வர ஏறக்குறைய 2.7 மிதிச் சுற்று ஆகும். மூன்று மிதிச் சுற்றுக்குச் சற்று முன்பாக ஒரு முறை 'டக்' என்றால் ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் விறைத்திருக்கிறது. செயினைக் கையால் பின்னோக்கி மெதுவாகச் சுற்றினால் அந்தக் கண்ணி துள்ளுவது கண்ணுக்கே தெரியும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. சைக்கிளைச் சுவரில் சாய்த்து, பின் பிரேக்கைப் பிடித்து, கிராங்கைப் படுக்கைவசமாக வைத்துப் பெடலைக் காலால் அழுத்தி அழுத்தி விடுங்கள். இன்னொருவர் ஒவ்வோர் இணைப்பாக விரலை வைத்துப் பார்க்கட்டும். காதைவிட விரல் நம்பகமானது. சத்தம் பிறக்கும் இணைப்பில் விரல் நுனிக்கு ஒரு சொடுக்குத் தெரியும். மற்ற இடங்களில் வெறும் அதிர்வுதான் இருக்கும்.

இப்போது கைவேலை. காசு செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து, மேம்பாலம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றி மாட்டினால் சத்தம் போகலாம். எதனால் போனது என்று தெரியாது. திரும்பி வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சீட்டுக் கம்பத்தின் உயரத்தை ஒரு டேப்பால் குறித்துக்கொண்டு வெளியே இழுங்கள். இரண்டு ஆண்டாக அதைத் தொடாதிருந்தால் உள்ளே கறுத்த மண்ணும் மழைநீரின் கறையும் இருக்கும். கம்பத்தையும் குழாயின் உட்புறத்தையும் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசி, அதே உயரத்தில் இறுக்குங்கள். கம்பம் கார்பனாக இருந்தால் கிரீஸ் வழுக்கிவிடும். அதற்கென்று விற்கும் நரநரப்பான பேஸ்ட்தான் வேண்டும். சீட்டின் அடிக்கம்பிகளைக் கவ்வும் இடத்திலும் கழற்றித் துடைத்துத் துளி கிரீஸ். கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு உப்புக்காற்று இந்த இடத்தைத்தான் முதலில் அரிக்கிறது.

பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சு உட்காரும் பிளவையும் அச்சின் முகத்தையும் துடைத்து, விரல் நுனியளவு கிரீஸ் தடவி மாட்டுங்கள். நெம்புகோல் வைத்த குயிக் ரிலீஸ் என்றால் பாதி தூரம் மடக்கும்போதே எதிர்ப்புத் தெரிய வேண்டும். முழுதாக மூடும்போது உள்ளங்கையில் தடம் பதிய வேண்டும். அவ்வளவு இறுக்கம் இல்லையென்றால் சத்தம் இருக்கட்டும், பாதுகாப்பே கேள்விதான். ஐந்து நிமிட வேலை. ஆனால் கடைகளில் இதை யாரும் முதலில் செய்வதில்லை. இதற்குக் கூலி கேட்க முடியாது என்பது என் சந்தேகம்.

அடுத்து பெடல். இங்கே ஒரு பொறி இருக்கிறது. வலது பெடலுக்கு வழக்கமான மரை. இடது பெடலுக்கு நேரெதிர் மரை. மிதிக்க மிதிக்க இடது பெடல் தானே கழன்றுவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. தெரியாமல் எதிர்ப்பக்கம் பலத்தைக் காட்டினால் கிராங்கின் மரை போய்விடும். குழம்பாமல் இருக்க வழி: 15 மில்லிமீட்டர் ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, பின்சக்கரம் இருக்கும் பக்கம் தள்ளினால் எந்தப் பெடலும் கழலும், முன்சக்கரம் பக்கம் தள்ளினால் எந்தப் பெடலும் இறுகும். இரு பக்கத்துக்கும் இது பொருந்தும். கழற்றி, மரையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, கிரீஸ் பூசி, நன்றாக இறுக்குங்கள். நான் பார்த்த 'பி.பி. சத்தங்களில்' கணிசமானவை இந்த மரையில்தான் இருந்தன. பெடலைக் கையில் வைத்துச் சுற்றும்போது நறநறவென்றால் மட்டும் பெடலையே மாற்றுங்கள்.

இறுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெடலுக்கு 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் விசையின் அளவு). இந்த அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனர் வைத்திருக்கும் சைக்கிள் கடை நம் ஊரில் அபூர்வம் என்பதால் கைக்கணக்கு சொல்கிறேன்: 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டது போன்ற அழுத்தம். ஹேண்டில் பாரைக் கவ்வும் சின்ன போல்ட்டுகளுக்கு 5 அல்லது 6 போதும். 10 சென்டிமீட்டர் சாவியின் நுனியில் 6 கிலோ. சத்தம் வருகிறதே என்ற கோபத்தில் இவற்றை முறுக்கினால் மரை வழுக்கிவிடும். நான்கு போல்ட் இருந்தால் கோலத்தில் எதிரெதிர்ப் புள்ளிகளை இணைப்பது போல் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

முன் பல்சக்கரத்தைக் கிராங்கோடு பிடித்திருக்கும் நான்கைந்து குட்டி போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கிரீஸ் தொட்டு மாட்டுங்கள். பல்சக்கரம் ரிவெட் அடித்த வகையென்றால் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

இவ்வளவுக்கும் பிறகு சத்தம் இருந்தால் கிராங்குக்கும் பி.பி.க்கும் வருவோம். இரண்டையும் பிரித்தறிவது எளிது. கிராங்கைப் பிடித்து ஃபிரேமை நோக்கி உள்ளேயும் வெளியேயும் ஆட்டுங்கள். இடது கிராங்கும் வலது கிராங்கும் சேர்ந்து ஆடினால் பி.பி. தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஆடினால் பி.பி.க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தக் கிராங்க்தான் அச்சில் சரியாக உட்காரவில்லை. சதுர அச்சு கொண்ட சைக்கிளில் இது மிகச் சாதாரணம். போல்ட்டை 40 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கினால் தீரும், தளர்ந்த உடனே கவனித்திருந்தால். தளர்ந்தபடியே பல நாள் ஓட்டியிருந்தால் இரும்பு அச்சு அலுமினியக் கிராங்கின் சதுரத் துளையைக் கடைந்து வட்டமாக்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் சில நாளில் தளரும். நான்கு நாள் அமைதி, ஐந்தாம் நாள் சத்தம் என்ற உங்கள் கதைக்கு இது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ஆட்டிப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். அப்படியே ஆனாலும் மாற்ற வேண்டியது அந்தப் பக்கத்துக் கிராங்கை மட்டும்தான், முழு செட்டையும் அல்ல.

பி.பி.யைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், மரை வைத்த ஆங்கில வகையில் செயின் பக்கத்துக் கிண்ணத்துக்கு எதிர் மரை. வலப்புறமாகச் சுற்றினால் கழலும். பெட்டியின் மரையைச் சுத்தமாகக் கழுவி, தாராளமாகக் கிரீஸ் பூசி முறுக்கச் சொல்லுங்கள். கூடவே நின்று பாருங்கள், கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. விலை உயர்ந்த சைக்கிள்களில் மரையே இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வகை ஒன்று வந்து, உலகம் முழுக்க முனகலுக்குப் பேர்போனது. பெட்டியின் துளை துல்லியமாக இல்லாவிட்டால் என்ன செய்தாலும் முனகல் அடங்காது. 2020இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தன் டார்மாக் பந்தய சைக்கிளுக்கே மரை வைத்த பி.பி.க்குத் திரும்பியது. உங்களுடையது மரை வகைதான் என்று ஊகிக்கிறேன்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும், வீட்டில் பழைய கறுப்பு சைக்கிளோ பள்ளியில் பிள்ளைக்குக் கொடுத்த சைக்கிளோ இருந்தால் அதில் கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னைப் பாருங்கள். இரண்டு கிராங்கையும் படுக்கைவசமாக வைத்து இரு பெடலையும் ஒருசேர அழுத்துங்கள். அரைச் சுற்றுச் சுற்றி மறுபடி அழுத்துங்கள். இடையில் ஒரு சிறு 'கடக்' இருந்தால் காட்டர் பின் தேய்ந்துவிட்டது. பலரும் நட்டை மட்டும் இறுக்குகிறார்கள். காட்டர் பின் ஓர் ஆப்பு; அதை உள்ளே செலுத்த வேண்டியது சுத்தியல், நட்டு அல்ல. அடிக்கும்போது கிராங்கின் அடியில் கனமான இரும்புக் குழாயையோ கட்டையையோ முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அடி முழுவதும் பால்ரஸில் இறங்கும். ஒரு நாள் ஓட்டிவிட்டு மீண்டும் ஒரு தட்டு தட்டி நட்டை இறுக்கினால் மாதக்கணக்கில் நிற்கும். வாடகை சைக்கிள் கடைகள் இருந்த காலத்தில் இந்த இரண்டாவது தட்டுக்காகவே கடைக்காரர்கள் 'நாளைக்கு ஒரு முறை கொண்டுவா' என்று சொல்லி அனுப்புவார்கள்.

எண்ணெய் விஷயம். சத்தம் வந்ததும் எல்லோர் கையும் போவது டபிள்யூ.டி.-40 டப்பாவுக்கு. அந்தப் பெயருக்கே நீரை விரட்டும் நாற்பதாவது கலவை என்றுதான் பொருள். 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் துருவைத் தடுக்க உருவானது. துருப்பிடித்த நட்டைக் கழற்ற அருமையான சரக்கு. ஆனால் செயினிலும் பேரிங்கிலும் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கரைத்துக் கொண்டுபோய்விடும். இரண்டு நாள் அமைதி, பிறகு முன்பைவிட மோசம். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும், தூசியோடு சேர்ந்து பிசினாகும். செயினுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி, பிறகு மேற்பரப்பைத் துணியால் துடைத்துவிட வேண்டும். டிஸ்க் பிரேக் இருந்தால் அதன் பக்கத்தில் எந்த ஸ்பிரேயும் அடிக்காதீர்கள். சத்தத்துக்குப் பதில் பிரேக் போய்விடும்.

ஒரே ஒரு முனகலை மட்டும் பொறுமையாக ஆராயக் கூடாது. இவ்வளவையும் செய்த பிறகும் சத்தம் நாளுக்கு நாள் வளர்ந்தால் ஃபிரேமைக் கழுவித் துடைத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் வெல்டிங், பி.பி. பெட்டியைச் சுற்றி, பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்கள், சீட்டுக் குழாயின் மேல்விளிம்பு ஆகிய இடங்களில் பெயின்டில் முடி போன்ற கோடு, அதன் ஓரம் கறுப்பாக அழுக்கு என்றால் அது விரிசல். நகத்தை ஓட்டினால் தட்டும். அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்துங்கள்; அலுமினியம் உடைவதற்கு முன் அவகாசம் கொடுக்காது. வாங்கி இரண்டே ஆண்டு என்பதால் ஃபிரேமுக்கு உத்தரவாதம் இருக்கிறதா என்று ரசீதை எடுத்துப் பாருங்கள்.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். இன்றிரவு கிராங்கை ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஆடினால் போல்ட்டை இறுக்கிவிட்டுக் காலையில் மேம்பாலம் போங்கள். ஆடவில்லை என்றால் பின்சக்கரத்தைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுப் போங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மறுநாள் சீட்டுக் கம்பம், அதற்கு மறுநாள் பெடல். பாலத்தில் எழுந்து நின்றபோது சத்தம் நின்றதா இல்லையா என்பதை மட்டும் குறித்து வைத்து எனக்குச் சொல்லுங்கள். உங்கள் கேள்வியில் விடுபட்டிருப்பது அது ஒன்றுதான்.